எஸ்தர் டீச்சருக்குப் பிடிக்காத படம்

எஸ்தர் டீச்சருக்கு யாரையும் பிடிக்காது. வில்லாபுரத்தில் யாரிடம் வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள், சொல்வார்கள். டீச்சரிடமே கேட்டாலும் இல்லை என்று சொல்ல மாட்டார். மிஷன் பள்ளியொன்றில் கணக்கு டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவர். பின்னக் கணக்கு வராத பிள்ளைகளை அவர் கடைசிவரை மன்னித்ததில்லை. அந்தப் பிள்ளைகள் பேரன் பேத்தி எடுத்து, சர்ச்சில் அவருக்கு முன்வரிசையில் பட்டுச்சேலையோடு உட்கார்ந்திருந்தாலும், "இவளுக்கு மூணுல ஒண்ணு பெருசா, நாலுல ஒண்ணு பெருசான்னு இன்னைக்கு வரைக்கும் தெரியாது" என்று பக்கத்தில் இருப்பவரிடம் சொல்வார். பாடகர் குழு சுருதி விலகினால் சபைக்கே கேட்கும்படி தொண்டையைச் செருமுவார். கல்யாண வீட்டில் கை கழுவுகிற இடத்திலேயே பிரியாணி அரிசி பழசு என்று ஆரம்பித்துவிடுவார். சாவு வீட்டில் மட்டும், சும்மா சொல்லக்கூடாது, அடக்க ஆராதனை முடிகிறவரை வாய் திறக்க மாட்டார். கல்லறைத் தோட்டத்து கேட்டைத் தாண்டிய பிறகுதான் பெட்டியின் மரம் எவ்வளவு மட்டமானது என்று சொல்வார்.

இத்தனைக்கும் அவர் சொல்வதில் பெரும்பாலும் தப்பு இருக்காது. ஜனங்களுக்கு அதுதான் ஆத்திரம்.

கணவர் செல்லத்துரை தாலுகா ஆபீசில் வேலை பார்த்தவர். நல்ல மனிதர். அதைத் தவிர அவரைப் பற்றிச் சொல்ல ஒன்றும் இல்லை என்பது டீச்சரின் அபிப்பிராயம். எதைச் சொன்னாலும் "சரி எஸ்தர்" என்பார். கறுப்பு என்றாலும் சரி எஸ்தர், வெள்ளை என்றாலும் சரி எஸ்தர். சுவரோடு பேசினால்கூடக் கொஞ்சம் எதிரொலி வரும். அவர் மாரடைப்பில் இறந்தபோது டீச்சர் மனதார அழுதார். இனிமேல் வீடு வெறிச்சென்று ஆகிவிடுமே என்று துக்கத்துக்கு வந்தவர்கள் எல்லோரும் சொன்னார்கள். ஒரு மாதம் கழித்து யோசித்துப் பார்த்தால், முன்பு இருந்ததற்கும் இப்போதைக்கும் சத்தத்தில் பெரிய வித்தியாசம் எதுவும் டீச்சருக்குத் தெரியவில்லை. அது அவருக்கு சாவைவிடப் பெரிய வருத்தமாக இருந்தது. அதை யாரிடமும் சொல்லவில்லை.

மகள் டயானாவும் மருமகன் டோனியும் மாடியில் இருந்தார்கள். டோனியைப் பற்றிச் சொல்ல வேண்டுமென்றால், அவன் சிரித்துக்கொண்டே இருப்பான். டீச்சரின் கணக்கில், காரணம் இல்லாமல் சிரிக்கிறவன் ஒன்று எதையாவது விற்க வந்தவன், இல்லை என்றால் மூளை இல்லாதவன். டோனியிடம் விற்க ஒன்றும் இல்லை.

இப்படி இருந்த எஸ்தர் டீச்சருக்கு அறுபத்தேழாவது பிறந்தநாள் வந்த மாதம் ஒரு விபத்து நடந்தது. அந்தச் சபையில் மாதக் கடைசி ஞாயிற்றுக்கிழமை, பிறந்தநாள் வந்தவர்களையும் கல்யாண நாள் வந்தவர்களையும் முன்னால் கூப்பிட்டு, பலிபீடத்துக்கு எதிரே வரிசையாக நிறுத்தி, போதகர் தலையில் கை வைத்து ஜெபிப்பது வழக்கம். பிறந்தநாள்காரர்களுக்குத் தனித்தனியாக, கல்யாண நாள்காரர்களுக்கு ஜோடியாக. போதகர் கொடைக்கானல் பக்கமிருந்து மாற்றலாகி வந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. யார் யாருடைய பெண்டாட்டி என்பது அவருக்கு இன்னும் பிடிபடவில்லை.

டீச்சருக்குப் பக்கத்தில் நின்றவர் இன்பசேகரன். மின்வாரியத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். மனைவி இறந்த பிறகு சமயநல்லூர் வீட்டை விட்டுவிட்டு, வில்லாபுரத்தில் ஒரு மாடிப் போர்ஷனுக்குத் தனியாகக் குடிவந்திருந்தார். அவருக்கும் அந்த மாதம்தான் பிறந்தநாள். டீச்சர் வெள்ளைச் சேலை, அவர் வெள்ளைச் சட்டை. இருவர் முகத்திலும் ஒரே மாதிரி கடுகடுப்பு. நாற்பது வருடம் குடும்பம் நடத்தினவர்களுக்குத்தான் அந்த முகம் வரும் என்று போதகர் நினைத்திருக்க வேண்டும். ஒரு கையை இவர் தலையிலும் இன்னொரு கையை அவர் தலையிலும் வைத்து ஜெபத்தை ஆரம்பித்துவிட்டார்.

"இத்தனை ஆண்டுகள் இவர்களை ஒரே கூரையின் கீழ், ஒரே மனதாய் நடத்தி வந்த கர்த்தாவே, இந்தத் தம்பதியரின் அன்பு இன்னும் பெருகச் செய்யும்..."

ஜெபத்துக்கு நடுவில் யாரும் குறுக்கே பேசக் கூடாது. அது தாய்ப்பாலோடு ஊறிய பழக்கம்; கூரை பற்றிக்கொண்டாலும் ஜெபம் முடிந்துதான் தண்ணீர் தேட வேண்டும். டீச்சர் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு பல்லைக் கடித்தார். போதகர் பேரப்பிள்ளைகள் வரைக்கும் ஆசீர்வதித்து முடித்தார். முடித்ததும் சபை சொல்ல வேண்டியதைச் சொல்லியது. பழக்க தோஷத்தில் டீச்சரும் சொல்லிவிட்டார், "ஆமென்." பக்கத்தில் நின்ற இன்பசேகரனும் கட்டைக் குரலில் ஆமென் என்றார்.

பெண்கள் பக்கம் முந்தானையை வாயில் வைத்துச் சிரித்தது இரண்டு வாரத்துக்கு ஓயவில்லை. ஊர் வாயை மூட உலைமூடி ஏது. போதகர் விஷயம் தெரிந்து வீடு தேடி வந்து மன்னிப்புக் கேட்டார். "எம்புட்டுப் பெரிய ஜெபம், இப்படி வீணாப் போச்சே ஐயா" என்று டீச்சர் அவரை வாசலோடு அனுப்பிவைத்தார்.

சிரித்தவர்களில் முதல் ஆள் தங்கம். டீச்சரோடு அதே பள்ளியில் தையல் டீச்சராக இருந்தவள். சபையில் முதியோருக்கென்று 'பொன்மாலை ஐக்கியம்' ஒன்றை ஆரம்பித்து, அதற்குத் தானே செயலாளர் ஆகியிருந்தாள். பொன்மாலையாம். சர்க்கரையும் மூட்டுவலியும் உள்ளவர்களை ஒரு ஹாலில் உட்காரவைத்து வடை கொடுத்துப் பாட்டுப் பாட வைப்பதற்கு இப்படியொரு பெயர். தங்கம் பேசுவது பனங்கற்கண்டு மாதிரி இருக்கும். டீச்சர் அவளை முப்பது வருடமாக நம்பியதில்லை.

அடுத்த மாதம் தங்கம் ஐக்கியத்துக்காக ஒரு படம் போட்டாள். வயதான காலத்தில் அன்பும் நட்பும் தேடிக்கொள்கிற இரண்டு பேரைப் பற்றிய படம். எல்லோரும் அவசியம் பார்க்க வேண்டும் என்று ஆராதனையில் அறிவிப்புக் கொடுத்தாள். டீச்சர் போனதற்குக் காரணம், போகாவிட்டால் அது எவ்வளவு மட்டம் என்று சொல்ல முடியாமல் போய்விடும் என்பதுதான்.

மட்டமாகத்தான் இருந்தது. மலைமேல் ஒரு பங்களா. அதில் தனியாக ஒரு கிழவர், ரோஜா வளர்க்கிறார். எதிர் பங்களாவில் தனியாக ஒரு கிழவி, வயலின் வாசிக்கிறாள். இரண்டு பேருக்கும் எழுபது வயது என்கிறார்கள். ஒருவருக்கும் ஒரு மாத்திரை கிடையாது. மாடிப்படியில் அவள் ஓடி இறங்குகிறாள். அடிக்கடி எழுந்து பாத்ரூம் போகிற வயதில் விடிய விடிய நட்சத்திரம் பார்க்கிறார்கள். பிறகு மழை வருகிறது, நனைகிறார்கள், கையைப் பிடித்துக்கொள்கிறார்கள். எழுபது வயதில் மழையில் நனைந்தால் காதல் வராது, நெஞ்சுச்சளிதான் வரும். இதைப் படம் எடுத்தவனுக்குச் சொல்ல வீட்டில் ஒரு பெரியவர்கூடவா இல்லை என்று டீச்சர் நினைத்தார். சுற்றிப் பார்த்தால் ஹால் முழுக்க மூக்கை உறிஞ்சிக்கொண்டிருந்தது. தங்கம் கர்ச்சீப்பைப் பிழியாத குறை.

அப்போது பின்வரிசையில் இருந்து ஒரு கட்டைக் குரல் யாரிடமோ சொல்வது மாதிரி சொன்னது.

"இந்தாளு சட்டைய யாரு தேச்சுக் குடுக்குறா? வீட்ல கரண்டே இல்ல, மெழுகுவத்திதான் எரியுது."

டீச்சர் சிரித்துவிட்டார். அடக்க முடியாமல், தோள் குலுங்கி, கண்ணில் தண்ணீர் வருகிற அளவுக்குச் சிரித்தார். அதுவும் படத்தில் அந்தக் கிழவி ஆஸ்பத்திரியில் படுத்திருக்கிற இடம். டீச்சரும் அழுகிறார் என்று நினைத்துத் தங்கம் வந்து முதுகைத் தடவிக் கொடுத்தாள். டீச்சர் திரும்பிப் பார்த்தார். இன்பசேகரன் முகத்தில் ஒரு சலனமும் இல்லாமல் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

மறுநாள் சாயங்காலம் அவர் டீச்சர் வீட்டுக்கு வந்தார். கேட்டைத் திறந்துகொண்டு வந்து, போர்ட்டிகோவில் கிடந்த பிளாஸ்டிக் நாற்காலியில் தானாகவே உட்கார்ந்தார்.

"அந்தப் படத்துல இன்னும் நாலு ஓட்ட இருக்கு டீச்சர். அங்க சொல்ல முடியல. சொல்லிட்டுப் போயிருவோம்னு வந்தேன்."

நாலு ஓட்டைகளையும் சொன்னார். டீச்சர் தான் கண்டுபிடித்ததைச் சொன்னார். இருட்டிவிட்டது. அடுத்த நாளும் வந்தார். படம் முடிந்து போதகரின் பிரசங்கத்துக்கு வந்தார்கள். பிறகு பாடகர் குழு, அவனியாபுரம் ரோட்டில் நிற்கிற பிளக்ஸ் பேனர்கள், காது குத்துக்கு வாழ்த்துச் சொல்லும் வட்டச் செயலாளர்கள், டோனியின் சிரிப்பு. தலைக்கு மேல் விமானம் இறங்கும்போது மட்டும் பேச்சை நிறுத்துவார்கள். அந்தச் சத்தம் அடங்கியதும் விட்ட இடத்தில் இருந்து அவர் ஆரம்பிப்பார். விட்ட இடம் அவருக்கு மறக்காது. அதை டீச்சர் கவனித்தார்.

ஒரு நாள் டீயை ஒரு வாய் குடித்துவிட்டு இன்பசேகரன் கோப்பையைக் கீழே வைத்தார். "தப்பா நெனைக்காதீங்க டீச்சர். இது கழனித்தண்ணி மாதிரி இருக்கு."

டீச்சருக்குச் சுள்ளென்று வந்தது. செல்லத்துரை இதே டீயை முப்பத்தைந்து வருடம் நல்லாருக்கு எஸ்தர் என்று குடித்துவிட்டுத்தான் செத்துப்போனார். "நல்லா இல்லன்னா பஸ் ஸ்டாப் கடையில போய்க் குடிங்க" என்றார். அவர் எழுந்து போய், உண்மையாகவே பஸ் ஸ்டாப் கடையில் இரண்டு டீ பார்சல் வாங்கிக்கொண்டு வந்து, ஒன்றை டீச்சர் முன்னால் வைத்தார். "குடிச்சுப் பாத்துட்டுப் பேசுங்க." டீச்சர் குடித்துப் பார்த்தார். அடுத்த நாளிலிருந்து தூளைக் கூடுதலாகப் போட்டார். அன்றைக்கு முழுக்கக் காரணம் தெரியாமல் அவருக்குச் சந்தோஷமாக இருந்தது. எதிர்த்துப் பேச ஒரு ஆள் கிடைப்பது இவ்வளவு பெரிய சுகம் என்று அறுபத்தேழு வயது வரைக்கும் அவருக்கு யாரும் சொல்லித் தரவில்லை.

கார்த்திகை வாக்கில் ஒரு சாயங்காலம், கொய்யாப்பழத்தை அரிந்துகொண்டே இன்பசேகரன் கேட்டார். "டீச்சர், ஓலை குடுத்துருவமா?"

கல்யாணத்துக்கு முன்பு மூன்று ஞாயிறு, ஆராதனையில் இரண்டு பேர் பெயரையும் படித்து, ஆட்சேபணை உள்ளவர்கள் சொல்லலாம் என்று சபைக்கு அறிவிப்பதைத்தான் ஓலை வாசிப்பது என்பார்கள். இருபத்தைந்து வயதுப் பிள்ளைகளுக்கு வாசிக்கிற சமாச்சாரம்.

டீச்சர் அவரை நிமிர்ந்து பார்த்தார். அவரே பேசினார். "காலையில பேப்பரப் படிக்கிறேன். ஒரு அயோக்கியத்தனத்தப் பாக்குறேன். உங்ககிட்டச் சொல்லணும்னு தோணுது. நீங்க அஞ்சு மணிக்கு மேலதான் வாசல்ல உக்காருவீங்க. அதுவரைக்கும் வச்சிருந்தா பாதி மறந்துபோகுது. அதான் கேட்டேன். வேற ஒண்ணும் இல்ல."

இதைவிட நல்ல வார்த்தையை எஸ்தர் டீச்சரிடம் எந்த ஆணும் சொன்னதில்லை. அது அவருக்குத் தெரிந்தது. சரி என்று சொல்ல நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது. கூடவே முந்தானையை வாயில் வைத்த முகங்கள் எல்லாம் கண்ணுக்குள் வந்து நின்றன. பின்னக் கணக்கு வராத முகங்கள், சுருதி சேராத முகங்கள், தங்கத்தின் முகம். வாழ்நாள் முழுக்க அடுத்தவரைப் பார்த்துச் சிரித்தவருக்கு, அத்தனை பேரும் தன்னைப் பார்த்துச் சிரிக்கப்போகிறார்கள் என்று நினைத்ததும் குலை நடுங்கியது. பயம் வந்தால் டீச்சருக்குக் கேலிதான் வரும்.

"அந்தப் படத்தப் பாத்து நாலு பேரு கெட்டுப்போவாங்கன்னு நெனச்சேன். நீங்களுமா சார்? ரோஜாச்செடி வாங்கியாச்சா?"

இன்பசேகரன் அரிந்துகொண்டிருந்த பழத்தைத் தட்டில் வைத்தார். கையை வேட்டியில் துடைத்துக்கொண்டார். "வாரேன் டீச்சர்" என்று எழுந்து போனார். வழக்கமாக கேட்டில் நின்று இன்னும் கால் மணி நேரம் பேசுவார். அன்றைக்கு நிற்கவில்லை.

மாடியில் காயப்போட்ட துணியை எடுக்க வந்த டயானா எல்லாவற்றையும் கேட்டுவிட்டாள். தடதடவென்று கீழே இறங்கி வந்தாள். "அம்மா, அந்தாளு என்ன கேட்டாரு?"

"கேட்டதத்தான் நீ கேட்டுட்டியே."

"நல்ல வேள நீ ஒத்துக்கல. டோனி வீட்ல எங்கள என்ன நெனப்பாங்க? பேரன் எடுக்குற வயசுல மாப்பிள்ளையா?"

இந்த டயானா அதே படத்தைப் போனில் இரண்டு முறை பார்த்தவள். இரண்டு முறையும் அழுதவள். பார்க்கச் சொல்லி எல்லோருக்கும் அனுப்பியவள். டீச்சர் அதை நினைவுபடுத்தினார்.

"படம் வேற, வீடு வேறம்மா" என்றாள் டயானா. படிப்பது தேவாரம், இடிப்பது சிவன் கோயில் என்று சும்மாவா சொன்னார்கள். தான் பெற்றதும் அந்தக் கூட்டத்தில் ஒன்றுதான் என்று டீச்சருக்குக் கசந்தது.

டயானா வாயில் எதுவும் தங்காது. இரண்டாம் நாள் தங்கம் ஒரு டப்பாவில் அதிரசத்தோடு வந்துவிட்டாள். நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, குரலைத் தாழ்த்தி, "அக்கா, ஏதோ கேள்விப்பட்டேன். நெசமா?" என்றாள். அவள் கண் இரண்டும் விளக்குப் போட்ட மாதிரி இருந்தது. இங்கேதான் டீச்சர் தப்புப் பண்ணினார். போடீ என்று சொல்லியிருக்கலாம். வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். சிரிப்பு தன் பக்கம் திரும்பிவிடக் கூடாது என்ற அவசரத்தில், அதை இன்பசேகரன் பக்கம் தள்ளிவிட்டார்.

"அந்த மனுசனுக்கு ஓட்டல் சோறு ஒத்துக்கல போல, தங்கம். சோறு வடிக்க ஆள் தேடுறாரு. அதுக்கு ஒரு ஓலை, ஒரு கல்யாணம்."

தங்கம் விழுந்து விழுந்து சிரித்தாள். அதிரச டப்பாவைத் திரும்ப வாங்கக்கூட மறந்து, அந்த வாக்கியத்தை மட்டும் பத்திரமாக எடுத்துக்கொண்டு போனாள். நுணலும் தன் வாயால் கெடும். ஊரில் உள்ள தவளைகளையெல்லாம் எண்ணி வைத்திருந்த டீச்சருக்கு இது அன்றைக்கு உறைக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை உறைத்தது. இன்பசேகரன் சர்ச்சில் கடைசி வரிசையில் உட்கார்ந்து, ஆசீர்வாதம் முடிந்ததும் யாரையும் பார்க்காமல் போய்விட்டார். அடுத்த வாரமும் அப்படித்தான். சாயங்காலம் கேட் திறக்கவில்லை. அந்த ஞாயிறு பாடகர் குழு ஒரு பாட்டை இரண்டு சுருதியில் ஆரம்பித்து மூன்றாவது சுருதியில் முடித்தது. டீச்சருக்குத் தொண்டையைச் செருமத் தோன்றவில்லை. வட்டச் செயலாளர் ஒருவர் தன் அப்பாவின் படத்துக்குக் கீழே தன்னையே இரண்டு முறை போட்டு பேனர் வைத்திருந்தார். அதைப் பார்த்ததும் எட்டுக் கேலி தோன்றியது. சொல்ல ஆள் இல்லை. சொல்லாத கேலி வயிற்றில் வாயு மாதிரி சுற்றி வந்தது. டோனி சிரித்தான், சிரிக்கட்டும் என்று விட்டுவிட்டார். "அத்தைக்கு என்ன, ஒடம்பு சரியில்லையா?" என்று டோனி டயானாவிடம் கேட்டது மாடிப்படியில் கேட்டது. தனக்கு அந்த மனிதர் வேண்டும் என்று டீச்சர் தனக்குள் ஒப்புக்கொண்டது அப்போதுதான். அவரைத் தேடிப் போய்ச் சொல்ல வேண்டும். இரண்டு தெரு தள்ளித்தான் வீடு. தினமும் செருப்பை மாட்டுவார், கேட்டுக்குப் போவார், எதிரே யாராவது வந்தால் காய்கறிக்காரனைத் தேடுகிற மாதிரி நின்றுவிட்டுத் திரும்பிவிடுவார்.

மாதக் கடைசியில் பொன்மாலை ஐக்கியம் கூடியது. படம் நமக்கு என்ன சொல்லித் தந்தது என்று ஒவ்வொருவரும் எழுந்து சாட்சி சொல்ல வேண்டும் என்பது தங்கத்தின் ஏற்பாடு. இன்பசேகரனும் வந்திருந்தார். வராமல் இருந்தால் பயந்துவிட்டார் என்பார்களே. அந்த வீம்பு டீச்சருக்குப் புரிந்தது. அவர் ஜன்னலோரம் ஒரு பெஞ்சில் தனியாக உட்கார்ந்திருந்தார். டீச்சர் பெண்கள் பக்கம் உட்கார்ந்தார். நடுவில் ஹால் முழுக்க வடை வாசம்.

சாட்சிகள் ஆரம்பித்தன. ஒருவர் படம் பார்த்த பிறகு செடிகளிடம் பேசுவதாகச் சொன்னார். இன்னொரு அம்மா, அன்புக்கு வயதே இல்லை என்று சொல்லித் தேம்பினார். அவர் தன் மாமியாரைக் கொட்டாம்பட்டியில் ஒரு கொட்டகையில் விட்டுவிட்டு வந்தவர் என்பது அங்கே எல்லோருக்கும் தெரியும். எல்லோரும் கைதட்டினார்கள். போதகர் முன்வரிசையில் உட்கார்ந்து தலையை ஆட்டிக்கொண்டிருந்தார். பிறகு தங்கம் மைக்கை வாங்கினாள்.

"நம்ம இன்பசேகரன் அண்ணன்தான் படத்த முழுசா மனசுல வாங்கினவரு. ஆனா பாருங்க, படத்துல அந்தம்மா வயலின் வாசிப்பாங்க. அண்ணனுக்கு அதெல்லாம் வேணாம். சோறு வடிக்கத் தெரிஞ்சாப் போதும்."

ஹால் சிரித்தது. செடிகளிடம் பேசுகிறவர் சிரித்தார். தேம்பிய அம்மாவும் கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்தார். இன்பசேகரன் தங்கத்தைப் பார்க்கவில்லை. நேராக எஸ்தர் டீச்சரைப் பார்த்தார். அந்த வாக்கியம் யார் வீட்டுச் சரக்கு என்பது அவருக்குத் தெரியாதா என்ன; அதே மாதிரி நூறு வாக்கியங்களை அவர் அந்த போர்ட்டிகோவில் கேட்டவர். அவர் முகத்தில் கோபம் இருந்திருந்தால்கூட டீச்சர் தாங்கியிருப்பார். அவர் வெட்கப்பட்டு உட்கார்ந்திருந்தது டீச்சருக்குத் தாங்கவில்லை.

டீச்சர் எழுந்தார். முட்டி மடக்கென்றது.

"தங்கம், அது நான் சொன்னது. அடுத்தவ சொன்னத உன் சொத்து மாதிரிப் பேசாத."

சிரிப்பு நின்றது.

"சொன்னேன். பொய் சொன்னேன். அவரு சோத்துக்குக் கேக்கல. என்னையவிட நல்லாவே சமைப்பாரு."

"பின்ன எதுக்குக்கா கேட்டாரு?" என்றாள் தங்கம், தேன் ஒழுக.

"பேசுறதுக்கு. தெனமும் சாயங்காலம் உங்க எல்லாரையும் பத்தித்தான் பேசுவோம். உன் வடையப் பத்திப் பேசியிருக்கோம். ஐயா பிரசங்கத்தப் பத்திப் பேசியிருக்கோம். செடிகூடப் பேசுறவரப் பத்தி இன்னைக்குத்தான் பேசணும்." டீச்சருக்கு வகுப்புக் குரல் வந்துவிட்டது. "படத்த ஓட விட்டு ரெண்டு கெழடு கையப் புடிச்சா அம்புட்டுப் பேரும் அழுகுறீங்க. பக்கத்துத் தெருவுல ஒரு மனுசன் ஒரு பொம்பளையப் பாத்து ஒழுங்காக் கேட்டா சிரிக்கிறீங்க. நானும் அந்தக் கூட்டத்துல ஒருத்திதான். ஐயா, வர்ற ஞாயித்துக்கெழம எங்க ரெண்டு பேரு ஓலைய வாசிங்க."

போதகர் வாயைத் திறந்து மூடினார். ஒருமுறை இந்த இரண்டு பேர் தலையில் கை வைத்துப் பட்டவர். யோசிக்காமல் தலையாட்ட அவர் தயாராக இல்லை. ஹாலில் இருந்த எல்லோரும் ஜன்னல் பக்கம் திரும்பினார்கள்.

இன்பசேகரன் எழுந்திருக்கவில்லை. "நான் கேட்டது உங்க வீட்டு வாசல்ல டீச்சர்" என்றார், மெதுவாக. "உங்ககிட்ட மட்டும் கேட்டேன். நீங்க பதில இம்புட்டுப் பேருகிட்டச் சொல்றீங்க. ஐயாகிட்டச் சொல்றீங்க, தங்கத்துகிட்டச் சொல்றீங்க. என்கிட்ட இன்னும் ஒரு வார்த்த சொல்லல."

டீச்சருக்குக் காது வரைக்கும் சூடேறியது. உண்மைதான். சரி என்று சொல்வதைக்கூட ஊரைத் திட்டுகிற சாக்கில்தான் சொல்லியிருக்கிறார். இத்தனை பேரையும் மட்டம் தட்டிவிட்டு அந்த மேட்டில் ஏறி நின்று, அவருக்கு ஒரு வரம் கொடுக்கிற மாதிரி கொடுத்திருக்கிறார். அவர் அதை வாங்கிக்கொள்ளவில்லை.

ஹாலின் இந்தப் பக்கத்தில் இருந்து அந்தப் பக்கத்துக்கு நடந்து போவது லேசான காரியம் இல்லை. நாற்காலிகளுக்கு நடுவில், அவர் காலம் பூராவும் கேலி செய்த முழங்கால்கள் எல்லாம் ஒதுங்கி வழிவிட்டன. யாரோ ஒருத்தி களுக்கென்று சிரித்தாள். டீச்சர் திரும்பவில்லை. பெஞ்சின் அருகே போய், அவரோடு உட்கார்ந்தார். ஆண்கள் பக்கம் டீச்சர் உட்காருவது அதுதான் முதல் தடவை. அவருக்கு மட்டும் கேட்கிற குரலில் சொன்னார்.

"நீங்க வராததுல இருந்து எனக்கு யாரையும் திட்டக்கூட மனசு வரல. பாட்டு அம்புட்டு மோசமாப் பாடுனாங்க, சும்மா உக்காந்திருந்தேன். எனக்குப் பயம் சார். இதுக சிரிக்கும்னு பயம். அதான் உங்களக் காட்டிக் குடுத்தேன். நீங்க வரணும். காலையிலேயே வரணும்."

மைக்கைப் பிடித்திருந்த தங்கத்துக்கு ஒரு வார்த்தையும் கேட்கவில்லை. அவள் கழுத்து ஒட்டகம் மாதிரி நீண்டது.

"ஓலைன்னா மூணு வாரம் வாசிப்பாங்க டீச்சர்" என்றார் இன்பசேகரன். "மூணு வாரமும் இந்த மொகங்களுக்கு முன்னால உக்காந்திருக்கணும். உங்களால முடியுமா?"

டீச்சர் தலையைத் திருப்பி, ஹாலை ஒரு தடவை முழுதாகப் பார்த்தார். அத்தனை முகங்களும் அவரையே பார்த்துக்கொண்டிருந்தன. பயம் போகவில்லை, அப்படியேதான் இருந்தது.

"பக்கத்துல நீங்க உக்காந்தா முடியும்" என்றார்.